சுருட்டை முடியைத் துவட்ட எந்தத் துண்டு? ஒரு வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

என் மகளுக்கு 12 வயது. என்னைப் போலவே சுருட்டை முடி, ஆனால் என்னுடையதைவிட நெருக்கமான சுருள். ஈரமாக இருக்கும்போது முதுகில் பாதிவரை தொங்கும், காய்ந்தால் தோளில் வந்து நின்றுவிடும். போன வருஷம் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தவளுக்குச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, மொட்டை போட்டுடலாமா?" என்று கேட்டாள். அழவில்லை, கோபமும் இல்லை. யோசித்துத்தான் கேட்டாள். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அன்றைக்கு அவளுக்குத் துவட்டிய துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளையம் வளையமாக நூல் நிற்குமே, அதில் அவள் முடி மாட்டி அறுந்து சுருண்டு கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். 40 தாண்டியதும் எண்ணவில்லை. அதுவரை சீப்பில் வருவதைப் பார்த்துப் பார்த்து ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருந்தேன். துண்டை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நாங்கள் இருவரும் என்னென்ன வைத்துத் தலை காயவைத்தோம், எது நின்றது, எது போனது என்று இதில் எழுதுகிறேன். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பம். போர் தண்ணீர் உப்பு. வாளியில் இரண்டு நாள் நின்றால் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் அலசிய முடி ஏற்கெனவே சொரசொரவென்றுதான் இருக்கும். கூடவே கடல் காற்று. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து சாயங்காலம் அடிக்கிற காற்றில் வடாமே நமத்துப்போகும், முடி எந்த மூலைக்கு! இந்த ஊரில் எனக்குச் சரிப்பட்டதைத்தான் சொல்கிறேன். வறண்ட ஊரில் இருப்பவர்களுக்கு நேரக் கணக்கு மாறும்.

முதலில் தேங்காய்ப்பூத் துண்டு. கடையில் டர்க்கி டவல் என்று கேட்டால் கொடுப்பார்கள். உடம்பு துடைக்க அதைவிட நல்லது கிடையாது, இன்றைக்கும் அதில்தான் உடம்பு துடைக்கிறேன். தலைக்கு மட்டும் வேண்டாம். ஏன் என்பதைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல மீனே போதும். சங்கரா மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைப்பக்கம் கத்தியை இழுத்தால் செதில் தெறிக்கும். முடியின் மேல்பரப்பும் அதே மாதிரிதான். வேரிலிருந்து நுனியைப் பார்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்கள். தண்ணீர் பட்டால் முடி உப்பும், செதில் லேசாக எழும்பும். அந்த நேரத்தில் துண்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பரபரவென்று மேலும் கீழும் தேய்த்தால் என்ன ஆகும்? மீனுக்கு ஆனதுதான் ஆகும்.

நேர் முடி ஓரளவு தாங்கும். சுருட்டை முடியை வெட்டிப் பார்த்தால் உருண்டையாக இருக்காது, சற்றுச் சப்பையாக இருக்கும். தலையில் சுரக்கிற எண்ணெயும் இத்தனை வளைவு ஏறி இறங்கி நுனிவரை போய்ச் சேராது. அதனால்தான் வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒன்றாக இருக்கிறது. சின்ன வயதில் எனக்கும் அம்மா தினமும் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தடவிவிடுவார். அப்போதும் நுனி பரட்டையாகத்தான் நிற்கும். "இவளுக்கு எண்ணெயே ஒட்டாது" என்பார் பாவம். எண்ணெய் தடவிய அதே கை, குளித்து வந்ததும் தேங்காய்ப்பூத் துண்டால் தேய்த்தும் விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துண்டைவிட இது முக்கியம். முடிக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை அவிழும், காயும்போது மறுபடி சேரும். எந்த வடிவில் இருக்கும்போது சேருகின்றனவோ அந்த வடிவம்தான் அடுத்த தடவை நனையும்வரை நிற்கும். ஈரத்தோடு ஜடை போட்டுக் காலையில் அவிழ்த்தால் நெளி நெளியாக வருவது இதனால்தான். ஆகவே சுருள் பாதி காய்ந்திருக்கும்போது கையால் கோதுவது, உதறுவது, சீவுவது எல்லாம் அதைக் கலைத்த கோலத்திலேயே காயவைத்துவிடும். எனக்கு அந்தக் கஷ்டம் பஸ்ஸில்தான். புதுச்சேரியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன், காலை 7:40 பஸ். ஈரத்தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தால் கன்னியக்கோயில் வருவதற்குள் ஒரு பக்கம் காய்ந்து பறக்கும். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது மறுபக்கம் இன்னும் கழுத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். இறங்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு ஆளின் முடி மாதிரி இருக்கும். எத்தனையோ வருஷம் இப்படிப் போயிருக்கிறேன்.

சரி, துண்டுக்கு வருவோம். முதலில் வாங்கியது ஆன்லைனில் விற்கும் மைக்ரோஃபைபர் தலைப்பாகை. 349 ரூபாய். தலையில் கவிழ்த்து, முறுக்கி, பின்பக்கம் இருக்கும் பொத்தானில் மாட்டிவிடலாம். பாலியெஸ்டரும் நைலானும் கலந்து, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாகப் பிரித்து நெய்தது. தண்ணீரை நன்றாகவே குடிக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். 10 நிமிஷத்தில் சொட்டுவது நின்றுவிடும். எடையும் இல்லை.

எனக்கு ஒத்துவராதது வேறு. முறுக்கினால்தான் அது தலையில் நிற்கும். முறுக்கினால் நெற்றியோரத்து முடி இழுபடும். ஈர முடி காய்ந்த முடியைவிட அதிகமாக நீளும், அளவு தாண்டினால் அறுந்துவிடும். மகள் மூன்றாவது நாளே "நெத்தி வலிக்குதும்மா" என்றாள். அவள் முடியின் கனத்துக்கு அந்தப் பையும் போதவில்லை, சுருளெல்லாம் நசுங்கி ஒரு பந்தாக வெளியே வந்தது. இன்னொரு விஷயம், வெடிப்பு விழுந்த குதிகாலை அந்தத் துணியில் வைத்துப் பாருங்கள், பிடித்து இழுக்கும். என் விரலோரத் தோலிலேயே ஒட்டியது. வெடித்த நுனி முடியையும் அது அப்படித்தான் பிடிக்கும். வாசனைக்காகத் துணிகளோடு சேர்த்துக் கண்டிஷனரில் ஒரு தடவை அலசினேன். அது இழையின் மேல் படிந்து, அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பதும் குறைந்துபோனது. நேர் முடி உள்ளவர்களுக்கு, அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு, ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது என் வீட்டுக்காரருடைய பழைய டிஷர்ட். காசு செலவில்லாமல் இன்றைக்கே மாறவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். பனியன் துணியில் மாட்டுவதற்கு வளையம் கிடையாது, முடி வழுக்கிக்கொண்டு போகும். கைகள் இரண்டும் கட்டுவதற்கு வசதி. நெஞ்சில் பிளாஸ்டிக் மாதிரி படம் அச்சடித்ததை மட்டும் எடுக்காதீர்கள், அந்த இடம் தண்ணீரை வாங்கவே வாங்காது. என் தோள்வரை முடிக்கு ஒரு டிஷர்ட் போதும். மகளுக்கு இரண்டு வேண்டும், முதல் ஒன்று ஐந்தே நிமிஷத்தில் தொப்பலாகிவிடும். கொஞ்ச நாள் இதிலேயே ஓட்டினோம். துண்டில் நிற்கும் முடி ஏழெட்டுக்கு வந்தது.

இப்போது நாங்கள் நின்றிருக்கும் இடம் ஈரிழைத் துண்டு. போன வருஷத் தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தோம். ஜோதி பார்த்துவிட்டு வெளியே வரும் கூட்டத்தில், சாலையோரம் தார்ப்பாய் விரித்து ஒரு பெரியவர் துண்டு விற்றுக்கொண்டிருந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், நெசவுக் குடும்பம். அந்தப் பக்கம் கைலி நெசவு அதிகம் என்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இழையை இரட்டையாகச் சேர்த்து நெய்த துண்டு, வளையம் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டை. "என்னத்துக்கும்மா?" என்று கேட்டார். பாப்பாவுக்குத் தலை துவட்ட என்றேன். அவள் தலையைப் பார்த்துவிட்டு, கையில் எடுத்து நீட்டியிருந்த கட்டத் துண்டை மடித்துக் கீழே வைத்துவிட்டார். அடியிலிருந்து சன்னமான வெள்ளை ஒன்றை உருவினார். "இது ஆவும். வாங்குன அன்னிக்கே போடாதம்மா, கஞ்சி போவட்டும்" என்றார். 110 ரூபாய். நான் பேரம் பேசவில்லை.

அவர் சொன்னது உண்மை. நெய்வதற்கு முன்னால் நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், அது போகாமல் துண்டு தண்ணீரைக் குடிக்காது. புதுத் துண்டின்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். முத்து மாதிரி அப்படியே நின்றது. ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையில் அலசினேன், தண்ணீர் சோறு வடித்த மாதிரி கலங்கி வந்தது. நான்கு துவைப்புக்குப் பிறகு அதே இடத்தில் சொட்டு விட்டால், விட்ட நொடியில் பரவிக் காணாமல் போனது. ஒரு வருஷம் ஆன இப்போது பழைய வேட்டி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. தேங்காய்ப்பூத் துண்டு துவைக்கத் துவைக்க, அதுவும் எங்கள் உப்புத் தண்ணீரில், பாக்குமட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். இது தலைகீழ். மழைக்காலத்தில்கூட மொட்டை மாடிக் கொடியில் அரை நாளில் காய்ந்துவிடும், அதனால் புளித்த வாடை வராது. தலைக்குப் போடும் துணிக்கு இது பெரிய விஷயம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் விடாது. ஈரம் ஆறாத துண்டையே திரும்பத் திரும்பச் சுற்றக் கூடாது.

கலர் கரை போட்டதை ஊறவைத்துச் சாயம் பார்க்காமல் தலையில் சுற்றாதீர்கள். என் தங்கை சிவப்புக் கரை எடுத்தாள், அவள் தலையணை உறை இன்றைக்கும் ரோஸ்.

எப்படிச் செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன். சிக்கு எடுப்பதெல்லாம் குளிக்கும்போதே, கண்டிஷனர் வழுக்கலோடு, அகலப்பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. வெளியே வந்தபின் சீப்பு கிடையாது. தண்ணீர் சொட்டச் சொட்டவே ஆளிவிதை கொதிக்கவைத்து வடித்த கூழ் ஒரு கரண்டி, விரலால் தடவல். அப்புறம் குனிந்து, முடியைக் கைப்பிடி கைப்பிடியாகத் துண்டில் வாங்கி அமுக்கவேண்டும். ஊறவைத்த அவலை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் எடுப்போம் அல்லவா, அவல் குழையாமல், விட்டு விட்டு அமுக்கி? அந்த அழுத்தம்தான். இட்லித் துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தால் காரியம் கெட்டது. கை போகும் திசை நுனியிலிருந்து மேலே, ஆனால் இழுப்பு கிடையாது. சுருளை அதன் இடத்துக்கே ஏந்திக்கொடுப்பது மாதிரி.

பிறகு துண்டைக் கட்டில்மேல் விரித்து, குனிந்து முடி மொத்தத்தையும் நடுவில் குவியவிட்டு, ஒரு ஓரத்தைப் பின்கழுத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் நெற்றிக்கு மேல் தளர்வாக ஒரு முடிச்சு. இரண்டு விரல் உள்ளே போகவேண்டும். 20 நிமிஷம். அதற்குள் நான் சோறு கட்டிவிடுவேன், அவள் பையை அடுக்கிவிடுவாள். அவிழ்த்ததும் தொடக் கூடாது, அவ்வளவுதான். மாசியில் இரண்டரை மணி நேரத்தில் அவள் தலை முழுக்கக் காய்ந்தது. நான் தலைக்குக் குளிப்பதை முந்தின நாள் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன், பஸ் ஜன்னல் கவலை போயிற்று.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. அடைமழை நாளில் அதே தலை ஐந்து மணி நேரமானாலும் உள்ளே சில்லென்றே இருக்கிறது, ஈரத்தோடு படுக்கவேண்டியதாகிறது. தானாகக் காயவிடுவதுதான் முடிக்கு எப்போதும் நல்லது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2011இல் கொரிய ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிரையரை 5 செ.மீ. கிட்டே வைத்தால் சூடு 95 டிகிரிவரை போகிறது, 15 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 47 டிகிரி. சூடு ஏற ஏற மேல்பரப்பு கெட்டது உண்மை. ஆனால் தானாகக் காய்ந்த முடியில், உள்ளே செல்களை ஒட்டவைக்கும் படலம் பாதிக்கப்பட்டிருந்தது. நெடுநேரம் ஈரத்தில் ஊறியிருப்பதும் முடிக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிகிறது. 15 செ.மீ. தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினால் தானாகக் காய்வதைவிடச் சேதம் குறைவு என்று முடித்திருந்தார்கள். சாண் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் சாண் 19 செ.மீ., ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் பயமில்லை.

சுருட்டை முடிக்கு டிரையரை நேராகக் காட்டினால் காற்றே சுருளைக் கலைத்துவிடும். டிஃப்யூசர் என்று ஒன்று உண்டு. கிண்ணம் மாதிரி, உள்ளே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும், காற்றைப் பரப்பி மெதுவாக விடும். புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் "எல்லா மெஷினுக்கும் சேரும்" என்று சொல்லித் தனியாக ஒன்று கொடுத்தார்கள், 280 ரூபாய். வீட்டில் என் டிரையர் வாயில் அது நிற்கவே இல்லை, இரண்டு நிமிஷத்தில் கழன்று மகள் தோளில் விழுந்தது. நல்லவேளை, சூடு இல்லை. திருப்பிக் கொண்டுபோனதற்கு விற்ற பொருளை வாங்குவதில்லை என்று பில்லைக் காட்டினார்கள். எனக்கு வருத்தம்தான், பிள்ளை மேல் விழுந்த பொருள் அது. நீங்கள் வாங்குவதாக இருந்தால் டிரையரைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், இல்லை, டிஃப்யூசரோடு சேர்ந்தே வருவதாக வாங்குங்கள். நான் பிறகு அப்படி ஒன்று வாங்கினேன். மழைக்காலத்தில் மட்டும், 20 நிமிஷம் துண்டு கட்டின பிறகு, குறைந்த சூட்டில் 12 நிமிஷம். மழை வலுத்தால் எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும், வீட்டு இன்வெர்ட்டர் டிரையரைத் தாங்காது. அன்றைக்கு துண்டு மட்டும்தான்.

அந்தக் கிண்ணத்தில் மகளின் சுருளை ஏந்திப் பிடித்திருந்த ஒரு நாள் எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. பண்ருட்டிப் பக்கம் ஆயா வீடு. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காய், அப்புறம் சட்டியில் தணலும் சாம்பிராணியும் போட்டு, மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார். அதன்மேல் என் முடியைப் பரப்பிவிட்டு, "ஆடாம படுடி கண்ணு" என்பார். கீழிருந்து வரும் இளஞ்சூடு, அசையாத தலை. தேய்ப்பதே கிடையாது. தண்ணீர் எடுப்பதும் தாத்தாவின் கிழிந்த வேட்டித் துண்டில் ஒற்றித்தான். டிஃப்யூசர் செய்கிற வேலை இதேதான். என் தலைமுடி வாழ்நாளில் நன்றாக இருந்தது அந்த நாலைந்து வருஷம்தான் என்பேன். ஆனால் மகளுக்கு வீசிங் உண்டு, புகை ஆகாது. கடையில் விற்கும் கப் சாம்பிராணியை ஒரு தடவை ஏற்றிவிட்டு, அவள் இருமிய இருமலில் ஜன்னலையெல்லாம் திறந்தேன். அதோடு விட்டுவிட்டேன். நல்ல நெஞ்சு உள்ளவர்கள், காற்றோட்டமான முற்றம் உள்ளவர்கள் செய்து பார்க்கலாம், அந்த வாசனைக்கு ஈடு இல்லை.

ஈரிழைத் துண்டிலும் குறை உண்டு. அகலம் பத்தாது, மகளுக்கு இன்னும் ஒரு வருஷத்தில் பெரிய அளவு தேவைப்படும். ஓரத்தில் விட்டிருக்கும் நூல் குஞ்சம் முடியோடு பின்னிக்கொள்ளும், நான் அதை வெட்டி மடித்துத் தைத்துவிட்டேன். முதல் ஒரு மாதம் பொறுமை வேண்டும், கஞ்சி போகும்வரை டிஷர்ட்டே மேல் என்று தோன்றும்.

இந்தத் தைப்பூசத்துக்கும் போனோம். பெரியவர் அதே இடத்தில்தான் இருந்தார், அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. மகள்தான் முன்னால் போய் நின்று, தலையைக் குனிந்து காட்டி, "தாத்தா, போன வருஷம் எனக்கு வெள்ளைத் துண்டு குடுத்தீங்களே" என்றாள். சுருள் சுருளாகத் தோளில் தொங்கியதை ஒரு நிமிஷம் பார்த்தார். அகலம் கொஞ்சம் கூட வேண்டும் என்று அவளே கேட்டாள், வேட்டி அகலத்தில் நெய்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு வெள்ளையில் நாலு எடுத்தோம். இரண்டு அவளுக்கு, ஒன்று எனக்கு. இன்னொன்று எங்கள் ஆபீஸில் பக்கத்து மேஜை அக்காவின் மகளுக்கு, அந்தப் பிள்ளைக்கும் சுருட்டைதான். நேற்று ராத்திரி ஊறப்போட்டிருக்கிறேன்.